பில் போட்டு வாங்கியவனுக்குத்தான் பூட்டு

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். 2004ல் ஒரு தமிழ் ஃபான்ட் பேக்கேஜ் பில் போட்டு வாங்கினேன், அப்போதே பதினெட்டாயிரம் ரூபாய். பிரின்டர் போர்ட்டில் செருகுகிற லாக் ஒன்று கொடுத்தார்கள், அது செருகியிருந்தால்தான் பேக்கேஜ் ஓடும். இத்தனை வருஷம் ஓடியது. போன மாதம் கடைக்கு வெள்ளையடிக்க கம்ப்யூட்டரைக் கழற்றி பத்து நாள் வீட்டில் வைத்திருந்து திரும்ப மாட்டினேன், அதிலிருந்து ‘லாக் இல்லை’ என்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால், அந்த வெர்ஷனை எப்போதோ நிறுத்திவிட்டோம், லாக் மாற்றித் தர முடியாது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். எங்கள் ஊர்க் கோவிலுக்கு 2014ல் நான் அடித்த கும்பாபிஷேகப் பத்திரிகையில்தான் இந்த முறையும் பெயர் மாற்றி அடிக்க வேண்டும், நானூறு உபயதாரர் பெயர் அதில் இருக்கிறது. பக்கத்து டவுனில் ஒரு பையன் மூவாயிரம் கொடுத்தால் லாக்கை உடைத்துத் தருகிறேன் என்கிறான். காசு கொடுத்து வாங்கிய பொருளை உடைத்தால் தப்பா? எதிர்க் கடைக்காரன் க்ராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) போட்டு நிம்மதியாக இருக்கிறான், பில் வைத்திருக்கிற நான்தான் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

பதில்: அண்ணாச்சி, நீங்கள் கேட்டது உடைக்கலாமா கூடாதா என்று. அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்: அந்தக் கம்ப்யூட்டரில் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

2002, 2003 என்று ஏதாவது காட்டினால், உங்கள் லாக் சாகவில்லை என்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. மதர்போர்டில் பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கரன்ட் இணைப்பில் இருக்கும்வரை அது பலவீனமானது வெளியே தெரியாது. பத்து நாள் கழற்றி வைத்தீர்கள் அல்லவா, அந்தப் பத்து நாளில் அது மொத்தமாக இறங்கியிருக்கும். அது இறங்கினால் தேதி மட்டும் பின்னால் போவதில்லை, பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) இருக்கிற செட்டிங் எல்லாமே கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பிரின்டர் போர்ட்டும் அதில் ஒன்று. 2004ல் உங்களுக்கு லாக் மாட்டிக் கொடுத்தவர் அந்தப் போர்ட்டை ஏதோ ஒரு முறையில் வைத்திருப்பார், இப்போது அது வேறு முறைக்கு மாறியிருக்கும், அல்லது போர்ட்டே அணைந்திருக்கும். சாஃப்ட்வேர் வழக்கமான கதவைத் தட்டுகிறது, ஆள் அங்கே இல்லை, ‘லாக் இல்லை’ என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கலாம்.

ஐம்பது ரூபாய்க்குள் பேட்டரி கிடைக்கும். மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். முதலில் தேதியைச் சரி செய்யுங்கள். அப்புறம் பேரலல் போர்ட் என்று இருக்கும் இடத்தில் முகவரி 378 என்று இருக்கிறதா பாருங்கள், முறை என்ற இடத்தில் எஸ்பிபி, ஈபிபி, ஈசிபி என்று மூன்று நான்கு இருக்கும், ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது, இந்த லாக் யூஎஸ்பி பென் டிரைவ் மாதிரி ஓடும்போது பிடுங்கிச் செருகுகிற சாமான் இல்லை. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். நல்லாயிருந்த லாக்கை அவசரத்தில் அப்படிப் பிடுங்கியே கொன்றவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு தடவை கொன்றிருக்கிறேன், அந்த வீட்டுப் பக்கம் இன்றும் போவதில்லை.

அதிலும் சரியாகவில்லை என்றால் லாக்கின் 25 பின்னையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் மெல்ல நிமிர்த்தலாம், பச்சை பூத்திருந்தால் மொபைல் கடையில் விற்கும் ஐபிஏ என்கிற சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உண்மையான பிரின்டர் போர்ட் உள்ள இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். யாராவது யூஎஸ்பியை பிரின்டர் போர்ட்டாக மாற்றும் ஒயரை விற்க வந்தால் வாங்காதீர்கள். அது பிரின்டருக்கு வேலை செய்யும், லாக்குக்குச் செய்யாது. பழைய லாக்குகள் அந்த 378 என்ற இடத்தில் நேரடியாகப் பேசுகிறவை, யூஎஸ்பி ஒயருக்கு அப்படி ஒரு இடமே கிடையாது.

சரி, லாக் உயிரோடு எழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். உடனே அடுத்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து உட்கார்ந்துவிடாதீர்கள், உங்களிடம் எனக்கு இருக்கிற ஒரே வேண்டுகோள் இதுதான். இருபது வருஷத்துக்கு மேலான லாக், எக்ஸ்பியில் ஓடுகிற கம்ப்யூட்டர் (எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கைகழுவிவிட்டது), இரண்டும் இரவல் நேரத்தில் ஓடுகின்றன. அந்தப் பேக்கேஜைக் காப்பாற்றுவது நம் வேலை இல்லை. அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிற உங்கள் இருபது வருஷ உழைப்பை வெளியே எடுப்பதுதான் வேலை. பேக்கேஜ் கம்பெனியுடையது, அதைப் பூட்டிக்கொள்ளட்டும். ஆனால் அந்த நானூறு பெயரை ஒவ்வொன்றாக அடித்தது நீங்கள். அதையும் சேர்த்துப் பூட்டியதுதான் இந்தச் சங்கதியில் எனக்கு எரிகிற இடம்.

எப்படி எடுப்பது? முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, பழைய ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டுகிற அடாப்டர் வாங்கி, எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். விண்டோஸுக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து. பிறகு லாக் ஓடுகிற நிலையில் முக்கியமான ஒவ்வொரு ஃபைலையும் பேஜ்மேக்கரில் (பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருள்) திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள், ஃபான்ட் உள்ளேயே ஏறுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில ஃபான்ட்களில் ‘பிடிஎஃபில் ஏற அனுமதி இல்லை’ என்று ஒரு குறி உள்ளேயே வைத்திருப்பார்கள், அப்படிப்பட்ட ஃபான்ட் ஏறாது, வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அந்த ஃபைலை மட்டும் கோரல் டிரா என்கிற வரைகலை மென்பொருளுக்குக் கொண்டுபோய் கன்ட்ரோல் க்யூ அடித்து கர்வ் பண்ணி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக்கி, வைத்துவிடுங்கள். சிவகாசிக்கு அனுப்பும்போது ‘கர்வ் பண்ணி அனுப்பு’ என்று சொல்வார்களே, அதே வேலைதான், இப்போது நமக்கே நாம் அனுப்பிக்கொள்கிறோம். கர்வ் ஆனதில் பெயர் மாற்ற முடியாது, ஆனால் படமாகவாவது கையில் நிற்கும்.

பெயர் மாற்ற வேண்டும் என்றால் எழுத்தாகவே எடுக்க வேண்டும். பேஜ்மேக்கரில் ஒவ்வொரு டெக்ஸ்ட் கட்டத்தையும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுத்து வெறும் டெக்ஸ்ட்டாகச் சேமியுங்கள். சலிப்பான வேலைதான், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற யாராவது இருந்தால் கூலி கொடுத்து உட்கார வையுங்கள். பேஜ்மேக்கரே திறக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது, லிப்ரே ஆஃபீஸ் 2015லிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிறது, பக்க அமைப்பு முன்னே பின்னே இருக்கும், எழுத்து வந்துவிடும். அடோபி கம்பெனியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 வரைக்கும் உள்ள பதிப்புகளும் திறக்கும், அதற்குப் பிந்தியவை திறக்காது.

வந்த எழுத்து பழைய குறியேற்றத்தில், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்கிற பழைய கணக்கில் இருக்கும். ஒரு காலத்தில் கம்பெனிக்கு ஒரு குறியேற்றம் இருந்தது, ஒருவர் ஃபான்ட்டில் அடித்ததை இன்னொருவர் ஃபான்ட்டில் திறந்தால் ஒன்றும் விளங்காது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று அரசு இரண்டை வகுத்துப் பார்த்தது, 2010ல் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுதான் என்று ஆணையே போட்டது. அரசாணை வந்ததால் உங்கள் ஃபைல் மாறிவிடாது இல்லையா. அதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன. உங்கள் பேக்கேஜின் குறியேற்றம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒரே ஒரு பக்கத்தை மாற்றி வாசித்துப் பாருங்கள்.

வாசிக்கும்போது ஒரு இடத்தில் கண்ணை அகலத் திறந்து வையுங்கள். பழைய ஃபான்ட்களில் ‘கௌ’ என்று எழுத தனியாக எழுத்து கிடையாது, ஒரு கொம்பு, ஒரு க, பின்னால் ள அடித்து ஒப்பேற்றுவோம். தாளில் பார்க்க ஒன்றுதான். மாற்றிக்கு அது தெரியாது, கௌரி என்பதை கெளரி என்று மாற்றிவிடும், அதாவது கெ, ள, ரி என்று மூன்று எழுத்து. அச்சில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் நாளைக்கு அந்த நானூறு பெயரில் கௌரி என்று தேடினால் கிடைக்காது, பெயரை அகர வரிசையில் அடுக்கினால் கௌரியும் கௌசல்யாவும் வேறு எங்கோ போய் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா கெளவையும் கண்டுபிடித்து மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவும் முடியாது, ‘கெளிறு’ என்று ஒரு மீன் இருக்கிறது, அது கௌிறு ஆகி நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நடுவில் ஆங்கிலத்தில் அடித்த இனிஷியல் எல்லாம் விசித்திரமான தமிழாக மாறியிருக்கும், அதையும் பாருங்கள். உபயதாரர் இனிஷியலில் தப்பு வந்தால் கோவில் கமிட்டி உங்களைச் சும்மா விடாது.

கோவில் வேலைக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். 2014 பத்திரிகை அச்சடித்தது ஆயிரமாவது இருக்கும், யாராவது ஒருவர் வீட்டுப் பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் ஒன்றாவது பத்திரமாக இருக்கும். அதை வாங்கி நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக எடுத்துத் தரும். பார்டருக்குள் அலங்கார எழுத்தில் போட்ட தலைப்பு வராது, பெயர்ப் பட்டியல் வந்துவிடும். புரூஃப் பார்க்க ஒரு நாள். இதற்கு லாக்கும் வேண்டாம், அந்தப் பையனும் வேண்டாம்.

இப்போது அந்தப் பையனிடம் வருவோம்.

நான் வக்கீல் இல்லை, தொழிலில் இருப்பதால் சட்டத்தில் நமக்குச் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று பிரிவைப் படித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நம்முடைய 1957 பதிப்புரிமைச் சட்டம் உங்களுக்கு விரோதி இல்லை, நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் இரக்கமானதுதான். 52ஆம் பிரிவில், ஒரு மென்பொருளின் பிரதியை முறையாக வைத்திருக்கிறவர், அது எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த அந்தப் பிரதியிலிருந்து நகல் எடுக்கலாம், அதில் மாற்றமும் செய்துகொள்ளலாம், கெட்டுப்போனால் காப்பாற்றிக்கொள்ள பேக்கப் எடுத்து வைக்கலாம் என்று இருக்கிறது. 2012ல் பூட்டுக்கென்று தனியாக 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம். ஆனால் அதில் ஒரு சொல் இருக்கிறது, உரிமையை மீறும் ‘நோக்கத்தோடு’ உடைத்தால். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக என்றால் இந்தப் பிரிவு குறுக்கே வராது என்று அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1998ல் கொண்டுவந்த சட்டம் இதைவிடக் கடுமை, அங்கே பூட்டை உடைக்க விலக்கு வேண்டும் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கேட்டு வாங்க வேண்டும். கெட்டுப்போன, வழக்கொழிந்த டாங்கிள் (நம் லாக்குக்கு அங்கே அந்தப் பெயர்) என்ற உங்கள் கேஸுக்கே 2003லும் 2006லும் 2010லும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, உங்கள் கஷ்டம் உலகத்தில் வேறு யாருக்கும் வராத கஷ்டம் இல்லை.

அப்படியென்றால் பையனிடம் கொடுத்துவிடலாமா? கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எப்படிடா உடைப்பே?’

லாக்கை நகல் எடுப்பேன் என்றால், செத்த லாக்கிலிருந்து எதையும் படிக்க முடியாது. உயிரோடு இருக்கிற லாக்கிலிருந்துதான் நகல் எடுக்க முடியும். அப்படியென்றால் அவன் இன்னொருவர் லாக்கை நகல் எடுத்து வைத்திருக்கிறான், அல்லது எங்கிருந்தோ இறக்கிய க்ராக் பிரதியை உங்கள் கம்ப்யூட்டரில் போடப் போகிறான். நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான் நடக்கும். அந்த நிமிஷமே நீங்கள் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கிய பிரதி ஓரமாகப் போய்விடும், ஓடுவது வேறு பிரதி. சட்டம் ‘அந்தப் பிரதியிலிருந்து’ என்று சொன்னதன் பலன் உங்களுக்குக் கிடைக்காது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். கடை வைத்துப் பிழைக்கிறவருக்கு ‘லாபத்துக்காக இல்லை’ என்ற தப்பிக்கும் வழியும் மூடிவிடும். பில் வைத்திருக்கிற நல்ல மனுஷன் மூவாயிரம் செலவழித்துத் தன்னையே எதிர்க் கடைக்காரன் நிலைக்கு இறக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னொரு வேடிக்கை, 65ஏ பிரிவில் அடுத்தவருக்காகப் பூட்டைத் திறந்து கொடுக்கிறவர், யாருக்காகத் திறந்தோம், அவர் விலாசம் என்ன, எதற்காக என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பையனிடம் நோட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தை விடுங்கள், தொழில்முறையில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. இந்த க்ராக் எல்லாம் விண்டோஸின் அடிமட்டத்தில், யார் செய்தது என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரைப் போட்டு, ஆன்டிவைரஸை அணை என்று சொல்லித்தான் ஆரம்பிக்கும். உங்கள் கடையில் ஆதார் நகல், ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று ஊரில் பாதி பேருடைய பேப்பர் ஸ்கேன் ஆகிக் கிடக்கும். அதற்குள் ஒருவனைக் கதவைத் திறந்து விடுகிறோம்.

எதிர்க் கடைக்காரன் நிம்மதியாக இருக்கிறான் என்று வயிறெரிந்து எழுதியிருந்தீர்கள். அது நியாயமான வயிற்றெரிச்சல், நான் உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. பூட்டு போட்டால் திருடன் ஒரு வாரம் சிரமப்படுவான், வாங்கியவன் ஆயுசுக்கும் சிரமப்படுவான். 2005ல் சோனி பிஎம்ஜி கம்பெனி நகல் எடுப்பதைத் தடுக்கிறேன் என்று தன் இசை சிடிக்களுக்குள், கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாமல் பதுங்குகிற ரூட்கிட் வகை மென்பொருளை ஒளித்து வைத்தது. மார்க் ருசினோவிச் என்கிற விண்டோஸ் வல்லுநர் தன் கம்ப்யூட்டரில் அதைக் கண்டுபிடித்து வெளியே போட்டார், உலகமே சிரித்தது, சிடிக்களைத் திரும்ப வாங்கினார்கள். யார் கம்ப்யூட்டர் கெட்டது? கடையில் காசு கொடுத்து சிடி வாங்கியவன் கம்ப்யூட்டர். திருட்டுத்தனமாக எம்பி3 இறக்கிக் கேட்டவனுக்கு அந்த சிடியோடு சம்பந்தமே இல்லை.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பார்த்தது நினைவு வருகிறது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் நான்கு லாக்குகள் ஒன்றின் முதுகில் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி கோத்து, கடைசியில் பிரின்டர் ஒயர். ஒரு சாண் நீளத்துக்குச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், கீழே விழாமல் இருக்க முட்டுக்கொடுத்து ஒரு பழைய டைரி. ராத்திரி கடை சாத்தும்போது முதலாளி நான்கையும் கழற்றி டிபன் கேரியர் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். கல்லாவில் இருக்கிற பணத்தை வைத்துவிட்டுப் போனாலும் போவார், லாக்கை வைத்துவிட்டுப் போகமாட்டார். ‘பணம் போனால் ஒரு நாள் வசூல், இது போனால் கடையே போச்சு’ என்பார். அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி க்ராக் போட்டவர் வெறும் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் தப்பானவன் ஆகிவிடுவேன். அந்த ஃபான்ட் கம்பெனிக்காரர்கள் ஏன் லாக் போட்டார்கள் என்பதற்கும் காரணம் இருந்தது. ஒரு தமிழ் ஃபான்ட்டை ஒழுங்காக வரைந்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒருவர் வாங்குவார், ஒரு ஃபிளாப்பியில் போட்டு அந்தத் தெரு முழுக்கக் கொடுத்துவிடுவார். நாம் எல்லாருமே அந்தத் தெருவில் இருந்தவர்கள்தான் அண்ணாச்சி. 1976லேயே பில் கேட்ஸ் ‘எங்கள் பேசிக் மென்பொருளைப் பெரும்பாலும் திருடித்தான் பயன்படுத்துகிறீர்கள்’ என்று பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார், பழைய சண்டை இது. அவர்கள் பூட்டு போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. கடையைச் சாத்தும்போது சாவியைக் கொடுக்காமல் போவதில்தான் வருத்தம். அடோபி தன் சிஎஸ்2 மென்பொருள் தொகுப்பு முறையாக வாங்கியதுதானா என்று சரிபார்க்கிற ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, வாங்கியவர்கள் அம்போவென்று நிற்கக் கூடாது என்று ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பையும் அதற்கான சீரியல் எண்ணையும் கொடுத்தது. அடோபியை நான் அடிக்கடி பாராட்டுகிறவன் இல்லை, ஆனாலும் அந்தக் காரியம் சரியான காரியம்.

உங்கள் கம்பெனியிடமும் அதைத்தான் கேட்க வேண்டும், போனில் இல்லை. போனில் எடுக்கிறவர் விற்பனைப் பிரிவு, அவருக்குத் தெரிந்த ஒரே பதில் புதிது வாங்குங்கள். பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதே விஷயம் மெயிலில் ஒன்று. பில் நகல், லாக்கின் மேல் ஒட்டியிருக்கிற எண்ணின் போட்டோ, சிடியின் போட்டோ. கேட்க வேண்டியது, ஒன்று லாக்கை மாற்றிக் கொடுங்கள், நியாயமான விலை தருகிறேன். முடியாவிட்டால் லாக் இல்லாமல் ஓடும் பதிப்பு கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் என் ஃபைல்களை யூனிகோடாக மாற்ற ஒரு மாற்றியாவது கொடுங்கள். மூன்றாவதைப் பல கம்பெனி சும்மாவே கொடுக்கும், கேட்கிறவர்கள்தான் இல்லை. லாக்கை உடைக்க எனக்கு அனுமதி தருகிறீர்களா என்றும் ஒரு வரி எழுதலாம். ‘சரி, உங்கள் இஷ்டம்’ என்று எழுத்தில் ஒரு பதில் வந்துவிட்டால் மேலே நான் எழுதிய சட்டக் கவலையில் பெரும்பகுதி போய்விடும். பதிலே வராவிட்டால் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் சொல்லிப் பாருங்கள். தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த் தரப்பு சொல்லும், ஆனால் சுயதொழில் செய்து வயிற்றுப்பாட்டுக்காக வாங்கியவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு இருக்கிறது. இருபது வருஷப் பொருளுக்காகப் பெரிய நஷ்டஈடு கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

இனிமேல் என்ன வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். ஃபான்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய காலம் பெருமளவு போய்விட்டது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார் எல்லாம் ஓஎஃப்எல் என்கிற திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பத்திரிகை அடித்து விற்கலாம், பிடிஎஃபில் ஏற்றலாம், பத்து கம்ப்யூட்டரில் போடலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. நீங்கள் இத்தனை நாள் கல்யாணப் பத்திரிகைக்குப் பழகிய அந்த வளைவு நெளிவு எழுத்து அப்படியே கிடைக்காது, அது உண்மைதான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, அதை விட்டுத்தான் ஆக வேண்டும், 2001க்குப் பிறகு அதற்குப் பெரிய புதிய பதிப்பே வரவில்லை. காசில்லாமல் என்றால் ஸ்கிரைபஸ் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.5.3க்குப் பிந்திய பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. இன்டிசைன் எடுத்தால் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் ஃபான்ட்டைத் திட்டுவீர்கள்.

இன்டிசைன் இப்போது சந்தாவில்தான். அடோபி 2013லேயே சிஎஸ்6தான் கடைசி, இனி மாதாமாதம் கட்டு என்று சொல்லிவிட்டது. இது லாக்கின் தம்பி, கையில் பிடிக்க முடியாத லாக். கட்டுவதை நிறுத்தினால் நீங்கள் செய்த ஃபைலை நீங்களே திறக்க முடியாது. வாங்கினால் ‘வருஷத்துக்கு ஒப்பந்தம், மாதம் மாதம் கட்டு’ என்கிற திட்டத்தையும் உண்மையான மாதத் திட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், முன்னதை நடுவில் நிறுத்தினால் அபராதம் மாதிரி ஒரு தொகை பிடிப்பார்கள். அதைச் சரியாகச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று அமெரிக்க அரசே 2024ல் அடோபி மேல் வழக்குப் போட்டது. ஆகவே எதை வாங்கினாலும் ஒவ்வொரு வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஒன்று, வெறும் யூனிகோடு டெக்ஸ்ட் ஒன்று என்று தனியாகச் சேமித்து வைக்கிற பழக்கத்தை இந்தக் கும்பாபிஷேகப் பத்திரிகையிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து அடுத்தது வரும், அப்போது கடையில் உங்கள் மகனோ மகளோ உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. பேட்டரி மாற்றியும் லாக் எழவில்லை என்றால் ஆத்திரத்தில் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். செத்த லாக், 2004 பில், சிடி மூன்றையும் ஒரே கவரில் போட்டு மேலே தேதி எழுதி பீரோவில் வையுங்கள். நீங்கள் முறையாக வாங்கியவர் என்பதற்கு உங்களிடம் இருக்கிற சாட்சி அந்த மூன்றுதான். மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.